அக்கா பேரில் ஒரு தோட்டம்

கீரப்பாளையம்
12.6.2011

அன்புத் தம்பி அருள்முருகனுக்கு அக்கா பொன்னி எழுதுவது. இங்கு நானும் உன் மாமாவும் நலம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. அங்கே நீ, வினோதினி, வெண்மதி மூன்று பேரும் சுகந்தானா?

கையில் செல்போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ எங்கே பேசுகிறாய்? நான் எதைச் சொன்னாலும் "ம்... ம்..." என்கிறாய். பின்னால் டிக் டிக் என்று சத்தம் வேறு. போன வாரம் மாமா வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். "ரொம்ப சந்தோசம்க்கா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். மாமா பக்கத்தில்தான் இருந்தார். "வுழுந்ததுக்கு சந்தோசப்படுற மச்சான் எனக்குத்தான் வாய்ச்சிருக்கான்" என்று அரை நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதம் என்றால் இரண்டு கையாலும் பிடித்துப் படித்துத்தானே ஆகவேண்டும்? அதனால்தான் எழுதுகிறேன்.

வினோதினியைக் கேட்டால், "அவுங்க கம்ப்யூட்டர்ல விவசாயம் பண்றாங்க அண்ணி" என்கிறாள். என்னடா அது? வெண்மதி படிப்புக்கு என்று வாங்கிய கம்ப்யூட்டர்தானே? விவரமாக எழுது. பதில் வராவிட்டால் இந்த வருஷம் நெல் மூட்டையும் வராது.

அன்புள்ள அக்கா,
பொன்னி


மஞ்சக்குப்பம், கடலூர்
3.7.2011

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கம். நாங்கள் எல்லோரும் நலம். மாமா கால் இப்போது எப்படி இருக்கிறது? போனில் ஏதோ ஞாபகத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

அது ஒரு விளையாட்டு அக்கா. ஆபீசில் ஒருத்தர் காட்டினார். திரையில் நமக்கென்று கொஞ்சம் நிலம் கொடுப்பார்கள். உழ ஒரு அழுத்து, விதைக்க ஒரு அழுத்து. ஸ்ட்ராபெரி நாலு மணி நேரத்தில் விளைந்துவிடும். பூசணிக்கு எட்டு மணி நேரம். விளைந்ததும் எடுத்துவிட வேண்டும், விட்டால் கருகிப்போகும். அதனால்தான் அலாரம் வைத்துக்கொள்கிறேன். வினோதினி அதைப் பெரிதாகச் சொல்லியிருப்பாள்.

உனக்கு எப்படிப் புரியவைப்பது? ஆபீசில் நான் எழுதுகிற குறிப்பு மாடிக்குப் போகும், ஒரு கேள்வியோடு இறங்கி வரும், பதிலோடு மறுபடி ஏறும். நான் இந்த செக்‌ஷனுக்கு வந்தபோது இருந்த ஃபைல் இன்றைக்கும் என் மேஜையில்தான் கிடக்கிறது. எதுவுமே முடிவதில்லை. இங்கே காலையில் விதைத்தால் மத்தியானம் அறுக்கலாம். அப்பா என்னை வயலில் இறங்க விட்டதே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? "படிக்கிற புள்ள காலு சேத்துல படக்கூடாது" என்று வாய்க்காலோடு திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே என்னைத் திருப்பி அனுப்ப ஆளில்லை.

ஒரு சேதி. இதில் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் வேண்டும், அப்போதுதான் நிலம் பெருகும். ஆபீசில் யாரும் சேரமாட்டேன் என்றார்கள். அதனால் உன் பேரிலேயே ஒரு தோட்டம் போட்டுவிட்டேன். வெண்மதி காதுகுத்தில் எடுத்த உன் போட்டோவையும் வைத்திருக்கிறேன். உன் தோட்டத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். தினமும் உனக்கு ஒரு பரிசு அனுப்புகிறேன், நீயும் எனக்கு அனுப்புகிறாய். அங்கே நீ பெரிய பண்ணைக்காரி!

அன்புத் தம்பி,
அருள்முருகன்


கீரப்பாளையம்
7.8.2011

அன்புத் தம்பிக்கு, எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. மாமா நடக்கிறார், முன்னைவிட ஜாஸ்தி பேசுகிறார். உங்கள் மூவர் சுகத்துக்கும் பதில் போடு.

உன் கடிதத்தைக் கொளஞ்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை வருஷமாக நம் வயலில் நடவு நடுகிறவள். "நாலு மணி நேரத்துல வெளையுதா? அப்ப களை எடுக்க எங்களக் கூப்பிட மாட்டாங்க" என்று கவலைப்பட்டாள்.

நான் பண்ணைக்காரியாக இருப்பதைக் கேட்டு சந்தோஷம். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பொய்யான நிலத்துக்கே அலாரம் வைத்து எழுந்திருக்கிறவனுக்கு நிஜமான நிலம் கையில் இருந்தால் எப்படி இருப்பான்? அப்பா செய்தது தப்பென்று இப்போது நினைக்கிறேன். உன் பங்கு அரைக்காணியை இத்தனை நாள் எங்கள் நிலத்தோடு சேர்த்து நாங்களே பயிர் வைத்தோம். இந்த சம்பாவுக்கு அதை உன்னிடமே விடுகிறேன். மாமாவும் சரி என்றார். வீராணம் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிடும். ஆகஸ்ட் 28 ஞாயிற்றுக்கிழமை விதை விடுகிறோம், நீதான் விடவேண்டும். பழைய வேட்டி ஒன்று எடுத்துக்கொண்டு வா.

அன்புள்ள அக்கா,
பொன்னி


மஞ்சக்குப்பம்
18.9.2011

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். இங்கு யாவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

விதை விட்ட அன்று சேற்றில் கால் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது நிஜம். மாமா பார்த்துவிட்டு, "கண்ணுல சேறு தெறிச்சிடுச்சா மாப்ள?" என்று கேட்டார். நல்ல மனுஷன். இங்கே திரும்பி வந்தும் இரண்டு நாள் கால் நகத்திலிருந்து சேற்றை எடுக்காமல் வைத்திருந்தேன்.

ஆனால் மூன்று வாரம் ஆகிறதே, இன்னும் நாற்றாகத்தான் நிற்கிறதா? மாமாவைக் கேட்டால் "தை பொறந்து அறுப்பு" என்கிறார். தை மாதம் வரைக்குமா? இதற்கு நடுவில் நாம் என்ன செய்வது? மழை வந்தால், வராவிட்டால், பூச்சி வந்தால் என்று எத்தனை கவலை! அன்று நான் அங்கே இருந்த பகலில் இங்கே என் பூசணி மொத்தமும் கருகிவிட்டது. உன் தோட்டத்தில் இருந்ததும் போச்சு. பஸ்ஸில் வரும்போதே அந்த நினைப்புதான். இரண்டையும் சரிசெய்ய நாலு நாள் ஆனது.

நடவுக்கு வரமுடியும் என்று தோன்றவில்லை. ஆபீசில் ஆடிட். ஆள் வைத்துச் செய்துவிடு. தப்பாக நினைக்காதே.

தம்பி,
அருள்முருகன்


மஞ்சக்குப்பம்
2.11.2011

மதிப்புக்குரிய அண்ணிக்கு வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் போனில் கேட்டீர்களே, அந்த ஆடிட் எதுவும் இல்லை அண்ணி. நடவு அன்று காலையிலிருந்து அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அக்கா வரவேணாம்னு சொல்லிட்டாங்க" என்றார். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சண்டை வரும் என்று சும்மா இருந்தேன்.

தினமும் பதினோரு மணிக்கு ஆபீசிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார், அறுவடை பண்ண. மெமோ கொடுத்திருக்கிறார்கள். அதை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து துவைக்கும்போது எனக்குக் கிடைத்தது. ஒரு நாள் நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "கொஞ்ச நேரந்தான் வினோ, குடுத்துடு" என்று குழந்தை மாதிரி கையை நீட்டினார். அதைவிட அடித்திருக்கலாம்.

போன வாரம் டியூஷன் முடிந்து வெண்மதியை அழைத்துவர வேண்டியது அவர். மழை கொட்டுகிறது. பிள்ளை மைதானத்து ஓரம் ஒரு கடையில் ஒதுங்கி நின்று பார்த்திருக்கிறாள். அப்பா வரவில்லை. நனைந்துகொண்டே நடந்து வந்து வாசலில் நின்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்துட்டியாம்மா? கதவச் சாத்து, சாரல் அடிக்குது" என்றார். பிள்ளை சத்தமே வராமல் மெதுவாகக் கதவைச் சாத்தினாள். ஐந்து நாள் காய்ச்சல். பத்தாம் வகுப்பு அண்ணி. எனக்கு அவள் மார்க்கைப் பற்றிக்கூட பயமில்லை. அவள் கதவைச் சாத்திய விதம்தான் பயமாக இருக்கிறது.

நான் எழுதியதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அவர் பயப்படுவார்.

இப்படிக்கு,
வினோதினி


கீரப்பாளையம்
20.11.2011

தம்பி அருள்முருகனுக்கு, நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வெண்மதிக்குக் காய்ச்சல் விட்டு உடம்பு தேறிவிட்டதா?

நடவு நட்டாயிற்று. களை எடுக்கவும் நீ வரவில்லை. "தம்பி நெலத்துல நெல்லு களைக்கு நடுவுல கண்ணாமூச்சி ஆடுது" என்று கொளஞ்சியம்மாள் சொன்னாள். நாலு பேர் எதிரில் சொன்னாள், எனக்குச் சுருக்கென்றது. பிறகு நான்தான் ஆள் விட்டு எடுத்தேன்.

உனக்கு விவசாயத்தில் ஆசை என்று நினைத்து நிலத்தைக் கொடுத்தேன். தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. உனக்குப் பிடித்தது பயிர் இல்லை, அழுத்தினால் விளைகிறதே, அது. நிலம் அப்படி விளையாதுடா. பிள்ளையும் அப்படி வளராது.

சண்டைக்காக எழுதவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று சத்தியம் பண்ணிக்கொடு. ஒவ்வொரு வருஷமும் போல இந்தப் பொங்கலுக்கும் நீயே சீர் எடுத்துக்கொண்டு வரவேண்டும். அம்மா அப்பா போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருத்தன்தான். கரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு நீ பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிறதைப் பார்த்தால் எனக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். வந்து அறுப்பு முடியும்வரை இரு.

அக்கா,
பொன்னி


மஞ்சக்குப்பம்
11.12.2011

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலம். வெண்மதிக்குக் காய்ச்சல் என்று உனக்கு யார் சொன்னது? ஒன்றுமில்லை, மழையில் லேசாக நனைந்துவிட்டாள்.

பொங்கலுக்கு வருகிறேன், சத்தியம். மாமாவுக்கு வேட்டியும் எடுத்தாயிற்று.

உன் தோட்டம் இப்போது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது அக்கா. வேலி போட்டு, ஓரத்தில் வாத்துக்குளம் வெட்டி, ஒரு சின்ன வீடும் கட்டிவிட்டேன். நீ ஒரு தடவை வந்து பார்த்தால் இப்படியெல்லாம் எழுதமாட்டாய். நேரமாகிறது, பிறகு எழுதுகிறேன்.

அருள்முருகன்


மஞ்சக்குப்பம்
4.1.2012

அன்புள்ள அண்ணிக்கு வினோதினி. நீங்கள் எல்லோரும் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறீர்களா? டவர் விழுந்து போன் செத்துக் கிடக்கிறது. தபால் எப்போது போகும் என்று தெரியாததால் எங்கள் தெரு அந்தோணிசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். அவரே உங்கள் ஊருக்கு வந்து கொடுப்பதாகச் சொன்னார்.

புயல் அன்று விடியற்காலை நாங்கள் மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். சமையலறைக் கூரை பறந்துவிட்டது. பக்கத்து வீட்டு வேம்பு நம் சுவரில் சாய்ந்திருக்கிறது. தெருவில் ஒரு கம்பம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. கரண்ட் வர இன்னும் எத்தனை நாளோ. தண்ணீர் லாரிக்கு நிற்கிறோம்.

அவர் இரண்டு நாள் கூண்டுக்குள் அடைத்த மாதிரி நடந்தார். ஸ்விட்சைப் போடுவார், அணைப்பார், மறுபடி போடுவார். திங்கட்கிழமை காலையில் திடீரென்று பையை எடுத்தார். "கதிரு பால் புடிக்கிற நேரம், பயிரு சாஞ்சிருக்கும். அக்கா தனியா என்ன பண்ணும்? நான் போயிட்டு வரேன்" என்றார். அண்ணி, எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கூரை போனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவரைப் பழையபடி திருப்பிக் கொடுக்கத்தான் இந்தப் புயல் வந்ததோ என்றுகூட நினைத்தேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் அங்கேயே வைத்து வேலை வாங்குங்கள். இங்கே நானும் வெண்மதியும் சமாளித்துக்கொள்கிறோம். அவர் வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

வினோதினி


கீரப்பாளையம்
6.1.2012

அன்புள்ள வினோதினிக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மாட்டுக்கொட்டகை போயிற்று, மாடு பிழைத்தது. உன் புருஷன் நல்லபடியாக இருக்கிறான். இன்று பார்த்தேன். மற்றதை அவனே வந்து சொல்வான். கூரைக்குத் தார்ப்பாய் கொடுத்தனுப்புகிறேன். வெண்மதியை அணைத்துக்கொண்டு படு.

அண்ணி,
பொன்னி


சிதம்பரம்
6.1.2012

அருள்முருகனுக்கு,

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன். உன் விலாசம் இப்போது அதுதான்.

நேற்று அந்தோணிசாமி வந்து உன் பெண்டாட்டி கடிதத்தைக் கொடுத்தார். படித்துவிட்டு, "எங்க என் தம்பி?" என்று கேட்டேன். அவர் திகைத்துப் போனார். "திங்கக்கெழம எங்க பஸ்லதான் வந்தாரு, சிதம்பரத்துல எறங்கினாரும்மா. கரண்ட் இருக்கிற பிரௌசிங் சென்டர் எங்க இருக்குன்னு கேட்டாரு. உங்க ஊருக்குப் போன் பண்ணத்தான்னு நெனச்சேன்" என்றார். மாமா வருகிறேன் என்றார். அந்தக் காலோடு வேண்டாம் என்று நானே வந்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். ஜெனரேட்டர் சத்தம் கேட்ட நாலாவது கடையில் நீ இருந்தாய்.

உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றேன். உன் சட்டை அழுக்காக இருந்தது. திரையில் என் போட்டோ இருந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு செடி சாயவில்லை. அவளுக்கு நீ ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றை அனுப்பினாய். அனுப்பிவிட்டுச் சிரித்தாய். உன் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். கடைக்காரர் என்று நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. திரும்பாமலே, "இன்னும் ஒரு மணி நேரம் போட்டுக்குங்க" என்றாய்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த அக்காவுக்கு வேலி போட்டிருக்கிறாய், குளம் வெட்டியிருக்கிறாய். எனக்குக் கொட்டகை விழுந்து கிடக்கிறது, எட்டிப் பார்க்க ஆளில்லை. அவளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது தம்பி. என் முகத்தை வைத்துக்கொண்டு என் தம்பியைப் பிடித்துவைத்திருக்கிறாள்.

எங்கள் வயலில் சாய்ந்த பயிரைத் தூக்கி, நாலு நாலு கொத்தாகச் சேர்த்துக் கட்டி நிறுத்திவிட்டோம். உன் அரைக்காணி சாய்ந்தபடியே கிடக்கிறது. ஆள் கிடைக்காமல் இல்லை. அதை நான் தொடமாட்டேன். இரண்டு நாள் போனால் பதராகிவிடும்.

உன் பெண்டாட்டிக்குப் பொய் எழுதப் போவதில்லை. ஆனால் உண்மையையும் எழுதப் போவதில்லை. அதை நீ சொல்.

பொன்னி


மஞ்சக்குப்பம்
14.1.2012

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி. மாமா கால் எப்படி இருக்கிறது? வரப்பில் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும்போது நொண்டியதைப் பார்த்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் ஏன் எட்டாம் தேதிதான் வயலுக்கு வந்தேன் என்று நீ கேட்கவில்லை. நீ என்னோடு எதுவுமே பேசவில்லை. உன் கடிதத்தைக் கடைக்காரர் அன்றைக்கே கொடுத்துவிட்டார். உன் கையெழுத்து என்று தெரிந்தும் கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். அக்கா தோட்டத்தில் அறுவடை முடியட்டும், பிறகு பிரிக்கலாம் என்று வைத்தேன். அது முடிந்ததும் இன்னொன்று விதைத்தேன். இரண்டு நாள் உன் கடிதம் அங்கேயே இருந்தது அக்கா. அதற்குள் பயிர் போய்விட்டது. நான் கட்டி நிறுத்தியதில் பாதிக்கு மேல் பதர்தான் என்று மாமா சொன்னார். ஒரு கதிரை நசுக்கிக் காட்டினார், உள்ளே ஒன்றுமே இல்லை.

நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்து வினோதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "எங்களுக்கு எதாவது ஆயிருந்தாலும் கரண்ட் இருக்கிற ஊரத் தேடித்தான் போயிருப்பீங்களா?" இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். வெண்மதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சீர் சாமான் எல்லாம் வினோதினியே வாங்கிக் கட்டிவைத்திருக்கிறாள். "பொய் சொல்லிட்டுப் போன கை இதத் தொட வேணாம், நானும் வெண்மதியும் குடுத்துட்டு வரோம்" என்றாள். நியாயம்தான். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று எழுத உட்கார்ந்தேன். இதற்குள் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள், என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சரி, தபாலில் போடலாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா, இப்போது தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்துகிறார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. மேஜைக்கு அடியில் மோடத்தில் பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிகிறது. வீட்டில் யாரும் இல்லை. எழுத்து கோணலாகப் போவதை நீயே பார்ப்பாய்.

கரண்ட் வந்துவிட்டது. அதனால் இதைத் தபாலில் போடப் போவதில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டால் அவர்களுக்குப் பின்னாலேயே வந்துவிடுவேன். தோளில் கரும்பு இருக்காது, வெறுங்கையோடுதான் வருவேன். திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். திருப்பி மட்டும் அனுப்பிவிடாதே.

உன் தம்பி,
அருள்முருகன்